பூட்டாத டிராயர்

பெரியவளுக்குச் சந்தேகம் வரக் காரணமே வேண்டியதில்லை. பால் பொங்கி வழிந்தால்கூட, யாரோ வேண்டுமென்றே அடுப்பைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தத் தடவை காரணம் இருந்தது. தெருமுனைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு ஜாடியில் ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்தது.

அது அவளுடைய அடுக்கு ரோஜா. பாசிமணியைக் கம்பியில் கோத்து வளைத்துச் செய்கிற பூ. இதழின் உள்ளே கருஞ்சிவப்பு, நாலாவது சுற்றிலிருந்து இளஞ்சிவப்பு. அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. கண்டுபிடித்ததை ஒரு நோட்டில் எழுதி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் முடிந்துகொண்டாள். அப்படியிருக்க, அந்தக் கடைக்காரிக்கு யார் சொன்னது?

வேறு யார்? ஓரகத்திதான். கொழுந்தன் பெண்டாட்டி, வீட்டுக்குச் சின்னவள். எட்டு வருஷமாக முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். சின்னவள், நடுவே குச்சி நட்ட மரக்கிண்ணத்தில் பாசியைக் கொட்டிச் சுழற்றி, கம்பி முனையை உள்ளே காட்டிக் கோப்பாள். பெரியவள் அந்தக் கம்பியை இதழாக வளைப்பாள். காம்புக்குப் பச்சைநூல் சுற்றுவது மறுபடி சின்னவள். வாய் பேசாத பெண். பேசாதவர்கள் மனசில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்பது பெரியவளின் கட்சி.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். சின்னவள் கடைக்குப் போனால் எத்தனை நிமிஷம், போனில் சிரித்தால் யாரோடு, துணி மடிக்கும்போது மேஜைப் பக்கம் ஏன் பார்க்கிறாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்குப் பெரிய அத்தாட்சியாகிவிட்டது.

கடைசியில் ஒரு பொறி வைத்தாள். இதழின் நடுக்கம்பியில் முதலில் ஐந்து பாசி நிற்கவேண்டும்; அதைச் சுற்றிச் சுற்றி வளைத்தால் குழிந்த வட்ட இதழ் வரும். அந்த ஐந்தை ஒன்பது என்று மாற்றி, ஒரு துண்டுச்சீட்டில் தன் கையெழுத்தில் எழுதினாள். ஒன்பது வைத்தால் இதழ் வட்டமாக வராது, இலை மாதிரி நீண்டுபோகும். நோட்டை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். சீட்டை டிராயரில் போட்டு, பூட்டாமல், தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறதென்று மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது கடைக் கண்ணாடிக்குள் நீள இதழ் ரோஜா நிற்கும். அப்போது கையும் களவுமாகப் பிடித்து, கொழுந்தன் முன்னால் நிறுத்தி, நாலு வார்த்தை கேட்கலாம். அந்த நாலு வார்த்தையையும் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேரே கடைக்குப் போனாள். கண்ணாடிக்குள் இப்போது இரண்டு ரோஜா. இரண்டும் வட்ட இதழ். அவளுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும், வந்தது ஏமாற்றம். மனசு கேட்காமல் உள்ளே போய், இந்தப் பூவை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேவிட்டாள். கடைக்காரி மறைக்கவில்லை.

"பொருட்காட்சில உங்ககிட்டயே ஒண்ணு வாங்கினேன். ஒரு மத்தியானம் உக்காந்து பிரிச்சு எண்ணினேன். கம்பிதானே, பிரிச்சா எல்லாத்தையும் சொல்லிடுது."

தன் பூவையே பிரித்துப் பார்க்கலாம் என்பது இத்தனை வருஷத்தில் பெரியவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது பை கனத்தது. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று சமாதானம் செய்துகொண்டாள்.

முன்னறையில் மேஜை மேல் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் வரிசை வரிசையாக இதழ்கள். ஒன்றுகூட வட்டமில்லை. மேஜைக்குப் பின்னால் சின்னவள். கம்பி அறுத்து நாலு விரலில் பிளாஸ்டர்.

ஓட்டல்காரர்கள் போன் செய்தார்களாம். அடுத்த வாரத்துக்கென்று ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த ஆறு ரோஜாவும் நாளைக் காலையிலேயே வேண்டுமாம். வரவேற்பறைக்குப் பிடித்துவிட்டால் மேஜைக்கு ஒன்றாக அறுபது வாங்குவார்களாம். குழந்தை பிறந்த வீட்டில் இருப்பவளைத் தொந்தரவு செய்யவேண்டாமென்று சின்னவளே உட்கார்ந்துவிட்டாள். தொண்ணூறு இதழ். சமையலுக்குக் கொழுந்தன்.

பெரியவள் ஒரு இதழைக் கையில் எடுத்தாள். "நீளமா இருக்கே, உனக்கு வித்தியாசமாத் தெரியலையா?" என்றாள்.

"தெரிஞ்சுது அக்கா. பெரிய கூடத்துக்குன்னு மாத்தியிருக்கீங்கன்னு நினைச்சேன். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்." பிளாஸ்டரைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எட்டு வருஷமாப் பூட்டியிருந்த டிராயர். இந்தத் தடவை திறந்து வச்சிட்டுப் போயிருந்தீங்க. என்னை நம்பித்தான்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

கை தவறி எழுதிவிட்டேன் என்று சொல்லத்தான் பெரியவள் வாயெடுத்தாள். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. கடைக் கண்ணாடியில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். சின்னவள் அழவில்லை, திட்டவும் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு இதழாகப் பிரித்துப் பாசியைக் கிண்ணத்தில் உதிர்க்க ஆரம்பித்தாள். பாசி மறுபடி உதவும். வளைந்த கம்பி உதவாது.

பெரியவள் ஓட்டலுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது, நாளைக்கு முடியாது என்றாள். அவர்கள் தெருமுனைக் கடையில் ஆறு ரோஜா வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அறுபதும் அங்கேதான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்குக்கு மூன்று ரோஜா கேட்டார். பெரியவள் நோட்டையே எடுத்து, பக்கத்தைப் பிரித்து, சின்னவள் முன்னால் வைத்தாள். டிராயருக்கு இப்போது பூட்டே இல்லை; கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டாள். இனிமேல் நீயும் வளை என்றாள்.

சின்னவள் நோட்டைப் படித்தாள். ஐந்து பாசியை நிறுத்தி ஒரே ஒரு இதழை வளைத்தாள். பிறகு எழுந்துபோய், அலமாரியிலிருந்த பழைய ரோஜாவை எடுத்துவந்து, அதன் இதழோடு புது இதழை ஒட்டிவைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"சரியான எண்ணிக்கைதான்மா," என்றாள் பெரியவள்.

"இருக்கட்டும் அக்கா," என்று சின்னவள் மரியாதையாகவே சொன்னாள். "ஒண்ணு செஞ்சு பாத்துக்கறேன்."