விருந்தாளி விளையாட்டு

போத்தனூரில் நான் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சாயங்கால மணி அடித்ததும் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு ஓடக் கூடாது. ஒவ்வொருவராக என் முன்னால் வந்து, "போயிட்டு வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். நானும் "போயிட்டு வா கண்ணு" என்பேன். கணக்கு வராவிட்டால் தொலைகிறது, மரியாதை வந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

லோகப்பிரியா மட்டும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவள் அம்மா காய்ச்சலில் இறந்து, கருமாதி முடிந்து பள்ளிக்கு வந்த நாள் முதல் இப்படித்தான். பையை மாட்டிக்கொண்டு சுவரோரமாக நழுவிவிடுவாள். கூப்பிட்டு நிறுத்தினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அப்பா அருள்குமார் மில்லில் ஷிப்ட் மாற்றி மாற்றி வேலைக்குப் போகிறவர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. காங்கேயத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விட்டு அங்கேயே படிக்கவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்தே கூட்டிப் போவதாக ஏற்பாடு.

எனக்கு அவள்மேல் கோபமும் இருந்தது, அதைவிட அதிகமாகப் பாசமும் இருந்தது. போகிற பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று நினைத்தேன்.

அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் விருந்தாளி விளையாட்டு வைத்தேன். இரண்டு பெஞ்சுகளை நடுவில் இழுத்துப் போட்டேன்.

"இதுதான் லோகப்பிரியா ஊடு. நீங்கெல்லாம் விருந்தாளிங்க. உக்காந்து தண்ணி குடிச்சுப்போட்டுக் கெளம்பறப்ப என்ன சொல்லோணும்?"

"போயிட்டு வாரேனுங்க!" என்று ஓடு அதிரக் கத்தினார்கள்.

முதல் விருந்தாளி சாய்குமார். கல்யாணத்துக்கு வருகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். லோகப்பிரியா "வாங்க" என்று சொல்லவில்லை. எழுந்தாள். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ... என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டாளே..." என்று ராகம் போட்டு ஆரம்பித்தாள்.

சாய்குமார் அரண்டு நின்றான். அவள் ராகத்தைச் சட்டென்று நிறுத்தி, "நீயும் அழுகோணும்டா" என்று அவன் காதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நடுவில் மூக்கைச் சிந்திப் பெஞ்சுக் காலில் துடைத்தாள்.

அவ்வளவுதான், வகுப்புக்குக் குஷி பிடித்துவிட்டது. அமீர் ஹம்சா இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டான். கண்ணீர் வராதவர்கள் எச்சிலைத் தொட்டுக் கன்னத்தில் இழுத்துக்கொண்டார்கள். அடங்குங்கள் என்று நான் போட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை. தலைமையாசிரியர் பாலுசாமி டீ டம்ளரும் கையுமாக ஓடி வந்தார்.

"ஏனுங்க டீச்சர், யாருங்க தவறிப்போனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அமீர் ஹம்சா அவர் காலைக் கட்டிக்கொண்டு, "ஐயோ சாரே!" என்று அலறினான். டீ அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

"போதும், விருந்தாளிங்க எல்லாம் கெளம்புங்க" என்றேன்.

சாய்குமார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழக்கிவைத்த மரியாதையோடு, "போயிட்டு வாரே..." என்று தொடங்கினான். லோகப்பிரியா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"சொல்லப்படாது! இது எழவு ஊடு. பேசாம எந்திரிச்சுப் போகோணும். அத்த சொல்லுச்சு."

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. துக்க வீட்டில் வாங்க என்று கூப்பிடுவதும் இல்லை, போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. இது எனக்குத் தெரியாததா? அம்மா போன பிறகு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருமே அப்படி வந்து அப்படிப் போனவர்கள்தான். அவள் பார்த்ததைத்தான் செய்து காட்டினாள்.

அவளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன். "இது பள்ளிக்கூடம் அம்மணி. இங்க சொல்லலாம். வாரேன்னு சொல்லிட்டுப் போறவங்க திரும்பி வந்துருவாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எங்கம்மா சொல்லுச்சுங்க டீச்சர். ஆசுபத்திரிக்கு ஆட்டோவுல ஏறறப்ப, போயிட்டு வாரேன் கண்ணுன்னு சொல்லுச்சுங்க."

பாலுசாமி சார் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்கால மணி அடித்தது. பிள்ளைகள் வழக்கம்போல ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு ஓடினார்கள். கடைசியில் லோகப்பிரியா நின்றாள். துணிப்பையோடு வாசலில் நின்ற அருள்குமார், "டீச்சருகிட்டச் சொல்லிட்டு வா சாமி" என்றார்.

"சொன்னா வரோணுமில்லீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு."

"நான் காங்கேயத்துக்குப் போறேனுங்க. திங்கக்கிழமை வர மாட்டேனுங்க."

கிட்டே வந்து, சாய்குமாரைக் கட்டிக்கொண்ட மாதிரியே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை ராகம் இல்லை. என் தோள் நனைந்தது. நானும் அழுதேன்.

அழுது முடித்து எழுந்து, ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நானும் போயிட்டு வா என்று சொல்லவில்லை.