குளிர வைக்க ஒரு ஹீட்டர்

தொண்ணூற்றொன்பதாம் வருடக் கத்திரியில் ஹம்சாவின் கம்ப்யூட்டர் இரண்டு முறை நின்றுபோனது. இரண்டும் பகல் இரண்டு மணிக்கு.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்தெருவில், மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு. முன்னறையில் உட்கார்ந்து அவள் ஆர்க்கிடெக்டுகளுக்குப் படம் செய்து கொடுத்தாள். இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடந்து போவதுபோல் ஓடும் படம். இப்போது கையில் இருந்தது அடையாறில் வரப்போகும் ஓர் அடுக்குமாடி. முழுப்படமும் உருவாகக் கம்ப்யூட்டர் மூன்று நாள் நிற்காமல் ஓடவேண்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து.

இரண்டாம் முறை நின்ற திங்கட்கிழமை ஆழ்வார்பேட்டையிலிருந்து ஆர்க்கிடெக்ட் சண்முகசுந்தரம் போன் செய்தார்.

"சனிக்கிழமை பார்ட்டிங்க வர்றாங்கம்மா. வெள்ளிக்கிழமை என் கையில இல்லேன்னா இனிமே எல்லா வேலையும் பம்பாய்க்குத்தான். அப்புறம் வருத்தப்படக்கூடாது."

காரணம் ஹம்சாவுக்குத் தெரியும். வேகமான ப்ராசஸர் வாங்க வசதியில்லாமல் ரிச்சி தெருவில் மலிவானதை வாங்கி, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தாள். மார்கழியில் அது சிங்கம். கத்திரியில் கொதித்தது. வேகத்தைக் குறைத்தால் நிற்காது. வேலை முடிய சனிக்கிழமை மதியம் ஆகிவிடும். ஏசி என்றால் வீட்டுச் சொந்தக்காரர் பழைய ஒயரிங்கைக் காட்டிக் கைவிரித்தார். அவர் சரியென்றாலும் பீரோவில் இருந்தது இரண்டாயிரம் ரூபாய்.

வெளிநாட்டில் யாரோ ஒருவன் தண்ணீரை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரைக் குளிரவைத்த கதையை டி. நகர் பிரௌசிங் சென்டரில் அவள் படித்திருந்தாள். மோட்டார், டியூப், செம்புக் கட்டி, கார் ரேடியேட்டர். அவ்வளவுதான் சாமான்.

"மனுஷாளுக்கே லாரித் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான்," என்றான் அவள் கணவன் ஸ்ரீநாத். "உன் கம்ப்யூட்டருக்கு நித்ய ஸ்நானமா?"

"ஒரு தடவை விட்டாப் போறும். அதே தண்ணி சுத்திண்டே இருக்கும். உங்களாட்டம் நாலு பக்கெட் கேக்காது."

மீன்தொட்டி மோட்டார் எழுநூறு. வேண்டாம். ஏர்கூலர் மோட்டார் நூற்றைம்பது. சத்தம் போடும், போடட்டும். டியூபுக்கு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூபில் நாலு மீட்டர். கிணற்றுத் தண்ணீர் உப்பு. பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன். அங்கெல்லாம் மிச்சம் பிடித்ததைச் செம்பில் போட்டாள். ப்ராசஸர் முதுகில் உட்காரப்போகும் கட்டி அது. அதில் கஞ்சத்தனம் பண்ண அவளுக்கு மனம் வரவில்லை. புதுப்பேட்டையில் ஒரு லேத்தில் அதைத் துளைபோடக் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த மெஹபூப் அலியின் ரேடியேட்டர் கடைக்குள் நுழைந்தபோது கையில் நானூறு மிச்சம்.

"இன்னா வண்டி மேடம்?"

"வண்டி இல்லை பாய். கம்ப்யூட்டருக்கு."

மெஹபூப் அலி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கம்பூட்டரா? லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

டாக்ஸி ரேடியேட்டர் ஒன்றைக் காட்டினார். ஜன்னல் அகலம். ஆயிரத்து இருநூறு. அடுத்தது எண்ணூறு, அதிலும் ஒரு மூலையில் ஓட்டை. ஹம்சாவின் கண் சுவரோரக் குவியலுக்குப் போனது. இரண்டு உள்ளங்கை அகலத்தில் குட்டிக் குட்டி ரேடியேட்டர்கள்.

"அது வாணாம் மேடம். ஹீட்டரு அது. குளிரு ஊருல காருக்குள்ள சூடு வுடறது. மெட்ராஸ்ல எவன் போடறான்? ஏசி மாட்ட சொல்லோ கயட்டிக் கடாசிடுவானுங்க. கெடக்குது பாரு, புத்சு மாறி."

அவள் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். "இதுக்குள்ள என்ன ஓடும்?"

"இஞ்சின் சுடுதண்ணிதான்."

"வெளில வரப்போ?"

மெஹபூப் அலி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஆறிப்போய் வரும்."

"அப்போ இதுதான் வேணும் பாய்."

கடையே அதிர அவர் சிரித்தார். "இருவது வர்சமா கடை போட்டுகினு கீறேன். குளிர வெக்க ஹீட்டர் வாங்கற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன். முந்நூறு குடு."

"கடாசினதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கணும் நானு. சரி, நூத்தம்பது."

தொட்டித் தண்ணீரில் முக்கிக் காற்றடித்துக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

செவ்வாய்க் காலை, எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே செய்தித்தாள் விரித்து, பக்கெட் தண்ணீரில் மூழ்கியிருந்த மோட்டாரைப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் ஒரு தாளில் நாலணா அகலத்துக்கு ஈரம். கிளிப்பை முறுக்கினாள். தாளை மாற்றினாள். இன்னொரு மணி நேரம். காய்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் செம்புக் கட்டியை ப்ராசஸர்மேல் வைத்து இறுக்கினாள். ஹீட்டருக்கு முன்னே பழைய டேபிள் ஃபேன். பத்து மணிக்குப் படம் ஓடத் தொடங்கியது.

இரண்டு மணிக்கு டியூபைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். திரையில் எண்கள் நகர்ந்தன. மூன்று மணிக்கும் நகர்ந்தன. புதன் போயிற்று. வியாழன் அனல் கக்கியது; ஸ்ரீநாத் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்தான்.

"ஆத்துலயே அதுதான் சௌக்கியமா இருக்கு," என்றான்.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் சண்முகசுந்தரம் தானே வந்துவிட்டார். படம் முடிந்து அரைமணி ஆகியிருந்தது. வாசல், படிக்கட்டு, பால்கனி என்று அவர் கட்டப்போகும் வீட்டுக்குள் அவரை நடத்திக் காட்டினாள்.

"இன்னொரு தடவை போடும்மா."

போட்டாள். பார்த்து முடித்தவர் மேஜைக்கடியில் குனிந்தார். பக்கெட். டியூப். ஃபேன்.

"என்னம்மா இது, தண்ணி ஒழுகுதா?"

"ஒழுகலை சார். ஓடறது. ப்ராசஸரைக் குளிர வைக்க."

"எந்தக் கம்பெனி செட்டு?"

"நான் பண்ணது."

அவர் சிரித்தார். ஹம்சா சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தரையில் குந்தி, வெகுநேரம் பார்த்தார்.

"பம்பாய்க்காரன்கிட்ட இதெல்லாம் இருக்குமா?"

"இருக்காது சார். அவாகிட்ட ஏசி இருக்கும்."

சண்முகசுந்தரம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். வேளச்சேரியில் மூன்று பிளாக் வருகிறது, வரைபடம் காரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார், எடுத்துவர.