சின்னவன் தலையில்

பெற்ற இரண்டில் எதைக் கொடுக்கிறாய் என்று கேட்கிறார்களே, இது சலவைக்கடையா, கறிக்கடையா? அவள் விடுதிப் போர்வையின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள்.

வாசலை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு வக்கீல் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் கொதிகலன். நடுவில் அவள்.

கடை வேனை ஓட்டிப்போன மூத்தவன், சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டான். அந்த மனிதர் இறந்துபோனார். வேனை அடையாளம் சொல்லியிருக்கிறார்கள், ஓட்டியவனைப் பார்த்தவர் இல்லை. மாலையில் போலீஸ் வரும். சாவி எப்போதும் அவள் பொறுப்பு.

"புதுச் சட்டம் வந்திருக்கும்மா," என்றார் வக்கீல். "இருபத்தொண்ணு முடியாதவங்களுக்கும் இனி சிறார் கோர்ட்டுதான். ஜெயில் கிடையாது, படிக்க வெச்சுத் திருத்துவாங்க. மூத்தவர் அந்த வயசைத் தாண்டிட்டார், சின்னவர் தாண்டலை. சாவியைச் சின்னவர்கிட்ட கொடுத்தேன்னு நீங்க சொன்னா போதும்."

நல்ல சட்டம்தான் என்று அவளுக்குப் பட்டது. அந்த வயதில் புத்தி எங்கே முற்றுகிறது? ஆனால் இந்த இரக்கம், தப்பு செய்த சின்னப் பிள்ளைக்கல்லவா?

"நீ எப்பவும் சொல்றதுதானே," என்றார் கொதிகலன் பக்கம் நின்ற அவள் கணவர்.

அதுவும் உண்மை. வீட்டில் எது உடைந்தாலும் "சின்னவன்தான்" என்று சொல்லப் பழக்கியவளே அவள். சின்னவன் என்றால் அப்பாவின் கை ஓங்காது. மூத்தவன் முதுகு தப்பும். அப்படித் தப்பித் தப்பி வளர்ந்தவன் சுவரோரம் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இளையவன் தலையணை உறைகளை மடித்தான்.

"நான் போறேம்மா," என்றான். "அங்கயாவது துணி மடிக்கச் சொல்ல மாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. கேட்குமுன்பே தலையை நீட்டுகிறானே! எந்தப் பக்கம் கை நீட்டினாலும் தன் கண்ணில்தான் குத்தும்.

"ம்மா," என்றான் மூத்தவன். "நான் உன் பிள்ளை இல்லையா?"

"நீதான்டா என் தலைப்பிள்ளை."

"அப்ப சொல்லேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள்.

"சாவியை உன் கையிலதான் கொடுத்தேன். கேட்டா அதைத்தான் சொல்லுவேன்."