மருதாசலத்தின் கொழுப்பு

மல்லசமுத்திரத்துத் தென்தோட்டத்தில் மருதாசலமும், மனைவி காளியாத்தாளும், தம்பி சின்னண்ணனும், கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டிய ஆண்டியும் நின்றிருக்கும்போதுதான் மருதாசலத்தின் இடது கால் ரத்தக்குழாய் வெளியே வந்து வாய்க்காலாக ஓடத் தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருடம், தை மாதம். காலுக்குப் போகும் ரத்தம் குறையவில்லை. போகும் வழி மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆண்டி மாடுகளை நிறுத்திய பிறகும் வாய்க்கால் மருதாசலத்தின் நெஞ்சோடு சேர்ந்து துடித்துத் துடித்துச் சிவப்பாக ஓடியது. பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். அந்த வருடம் ராகி நன்றாக விளைந்தது.

அந்தக் குடும்பத்தில் நெய்யை அளந்து ஊற்றும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. மருதாசலம் சுருட்டும் பிடிப்பார். புகையில் வாய்க்காலின் உட்கரை அங்கங்கே புண்ணானது. புண்ணான இடத்தில் கொழுப்பு ஒட்டி, வருடத்துக்கு ஒரு நூல் கனம் ஏறியது. மேலே வெள்ளைத் தோல் மூடிக்கொண்டதால் கரை பலப்பட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஒன்பது வருடம் கழித்துச் சந்தைக்கு நடக்கையில் கெண்டைக்கால் கடுத்தது, நின்றால் விட்டது. அவர் செருப்பைக் குறை சொன்னார். முப்பத்தெட்டு மாசியில் அந்தத் தோல் வெடித்தது. காயம் பட்டுவிட்டதென்று எண்ணிய ரத்தம் அங்கேயே உறைந்து, ஈரல் துண்டுபோல் வாய்க்காலின் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. கடைமடை ராகி வாடியது. அவர் பாதம் சில்லிட்டு, சுண்டுவிரல் கறுத்தது.

திருச்செங்கோட்டிலிருந்து வில்வண்டியில் வந்த டாக்டர் வாய்க்காலைக் குனிந்து பார்த்தார். "கொழுப்புங்க. நாள்பட்ட கொழுப்பு. இப்படியே உட்டா காலை எடுக்கோணும்."

காலை எடுப்பது மருதாசலத்தின் காதில் விழவில்லை. "ஆருக்குக் கொழுப்பு? எங்க குடும்பத்தைப் பாத்து இன்னைக்கு வரைக்கும் ஆராச்சும் அந்த வார்த்தை சொல்லியிருக்காங்களா?"

"நான் சொல்லாத நாளில்லீங்க," என்றாள் காளியாத்தாள்.

"ஒடம்பைச் சொல்றாருங்கண்ணா," என்றார் சின்னண்ணன்.

"ஒடம்பு வேற, நான் வேறயாடா? அந்த வார்த்தையை அவரு திருப்பி எடுக்கற வரைக்கும் நெய்யும் தொட மாட்டேன், சுருட்டும் தொட மாட்டேன்!"

குடும்பத்தின்மேல் விழுந்த சொல்லை உறவுமுறை வீடு ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் மறுத்தாக வேண்டும். வண்டியில் போனால் கால் போய்விட்டது என்பார்கள், ஆகவே நடந்தார். கடுத்தால் நின்றார், விட்டால் நடந்தார். அவர் நடக்க நடக்க, தென்தோட்டத்தில் அடைப்புக்கு மேற்புறம் கரையில் மயிரிழைபோல் கீற்றுகள் பிறந்தன. யாரும் மண்வெட்டி வைக்கவில்லை. கீற்றுகள் ஓடைகளாகி, அடைப்பைச் சுற்றிக்கொண்டு கடைமடையில் போய்ச் சேர்ந்தன. ஓட்டம் மந்தமாகத் தெரிந்த காலைகளில் காளியாத்தாள், "டாக்டரு இன்னும் அதையேதான் சொல்றாராமுங்க," என்பாள். அவர் உடனே செருப்பை மாட்டுவார். பாதம் சூடு கண்டது. விரல் நிறம் திரும்பியது. மறுவருடம் மன்னிப்புக் கேட்க வந்த டாக்டருக்கு அவள் மோர் கொடுத்து வாசலோடு அனுப்பிவிட்டாள்.

மருதாசலத்தின் கொழுப்பு கரைந்துவிட்டதென்று எருமப்பட்டிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. கொழுப்பு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ரத்தம்தான் சுற்றிப் போனது.