கடைசிப் பாட்டிலின் அடிவண்டல்

இப்போதெல்லாம் யாருக்கும் சொந்த நாக்கின்மேல் நம்பிக்கை கிடையாது. பீரை வாயில் வைக்குமுன் போனை எடுத்து, மற்றவர்கள் அதற்கு எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். என் மனைவி வெர்னா முப்பது வருஷம் எங்கள் வீட்டு நிலவறையில் பீர் காய்ச்சினாள். எவனும் நட்சத்திரம் போடவில்லை. நான் குடித்தேன், அவ்வளவுதான். வாளி தூக்கிக் கொடுத்ததைத் தவிர அந்த வேலையில் எனக்கு ஒன்றும் தெரியாது.

அவள் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம். அவள் காய்ச்சியதில் ஒரே ஒரு பாட்டில் மிச்சம். கடை பீர் எதுவும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவள் பீர்தான் வேண்டியிருந்தது. அதனால் ஷெபாய்கனில் பீர் காய்ச்சும் சாமான் விற்கும் மார்லிஸைக் கூப்பிட்டேன். வெர்னா அவளிடம்தான் மால்ட், அதான் முளைகட்டிக் காயவைத்த பார்லி, வாங்குவாள். கடைக்காரி எதையாவது என் தலையில் கட்டப் பார்ப்பாள் என்று உஷாராகவே இருந்தேன்.

வந்தவள் முதலில் கேட்டது, "வெர்னா பாட்டில் ஏதாச்சும் மிச்சம் இருக்கா, கஸ்?"

"ஒண்ணு இருக்கு. அதைத் தொடாத."

"அவங்க என்கிட்ட ஈஸ்ட் வாங்கினதே இல்ல. பீரைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட் பழைய பாட்டிலோட அடியில தங்கும், அந்த வண்டலத்தான் அடுத்த பீருக்குப் போடுவாங்க. அது திறந்தாத்தான் கிடைக்கும்."

"உன் பாக்கெட் ஈஸ்ட்டைப் போட்டா?"

"நல்ல பீர் வரும். அவங்க பீர் வராது."

"திறந்தா இதுவும் போயிடுமே."

"திறக்கலன்னா உள்ள இருக்கிற ஈஸ்ட் செத்துரும், பெருசு. இப்பவே உயிரோட இருக்கான்னு தெரியல."

ஒரு வாரம் அந்தப் பாட்டிலை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மார்லிஸை வரச் சொன்னேன். அடியில் ஒரு விரல் உயரம் விட்டுவிட்டு மெதுவாகக் கிளாஸில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். நின்றபடியே குடித்தேன். சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அவள் கிருமி போகப் பாட்டில் வாயை லைட்டரால் சுட்டு, வண்டலைக் கலக்கி, ஒரு ஜாடியில் கொதிக்க வைத்து ஆற்றியிருந்த மால்ட் தண்ணீரில் விட்டு மூடினாள்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை.

"மூடியத் திறந்து பாத்தீங்களா?" போனில் கேட்டாள்.

"ஒரு தடவ."

"பொய்."

"ஆறு தடவ."

"அது என்ன தூங்குற குழந்தையா, மூச்சு வருதான்னு பாக்க? கிருமி புகுந்து கெட்டுப்போச்சுன்னா வேற பாட்டில் ஏது? கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க."

ஐந்தாம் நாள் ஜாடியில் நுரை கட்டியிருந்தது; ஈஸ்ட்டுக்கு உயிர் இருந்தது. நான் போன் பண்ணவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்லிஸ் வந்து, வெர்னாவின் பெரிய பானையிலேயே மால்ட்டும் கசப்புக்கு ஹாப்ஸ் பூவும் போட்டு என்னைக் காய்ச்ச வைத்தாள். நான் கிண்டுவதைப் பார்த்து, "சிமெண்டா கலக்குறீங்க?" என்றாள். ஆறியதும் ஜாடியில் இருந்ததை ஊற்றினோம். இரண்டு வாரம் வாளியில் புளிக்க விட்டோம், மூன்று வாரம் பாட்டிலில்.

நிலவறையில் நான்தான் முதல் பாட்டிலைத் திறந்தேன். மார்லிஸ் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாள்.

"அவங்க பீரேதான், கஸ்."

நானும் குடித்தேன். அதே வாசனை, அதே கசப்பு. ஆனால் வெர்னா கிளாஸை என் கையில் தருமுன் ஒரு வாய் அவள் குடித்துவிடுவாள். இந்தக் கிளாஸ் என் கைக்கு வந்தபோது விளிம்புவரை நிறைந்திருந்தது.

"இல்ல," என்றேன்.

"என்ன இல்ல? சத்தியமா அதேதான்."

"நீ சொன்னா ஆச்சா?"

கிளாஸை அலமாரியில் வைத்துவிட்டு நிலவறைப் படி ஏறினேன்.

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டும், ருசி கூடும்!" என்று கீழேயிருந்து கத்தினாள்.

கூடும், கூடும். கதவைத் திறந்து வெளியே போனேன்.