கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஒரு பையனின் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக விடியற்காலையில் கிளம்பி, மாநிலத்தின் பாதியைக் காரில் கடந்து வந்த வெண்டல் ஓகல்ட்ரீ, வந்து சேர்ந்த கையோடு அந்தப் பையன் மேலேயே காரை ஏற்றினார்.

ஏற்றினார் என்பது கொஞ்சம் அதிகம். இடித்தார். பிக்கெட்வில் உயர்நிலைப் பள்ளி வாசலில் நிழலாக ஓரிடம் தேடி அவர் காரைப் பின்னுக்கு எடுத்தபோது, பம்பர் மெத்தென்று எதன் மீதோ பட்டது. கண்ணாடியில் பார்த்தால், நெடுநெடுவென்று ஒரு பையன் இரண்டு கைகளையும் ஊன்றித் தரையில் கிடந்தான். பதறிப்போய் வெண்டல் கியரை முன்னுக்குத் தள்ளி, பிரேக் என்று நினைத்து வேறொன்றை மிதிக்க, கார் பாய்ந்துபோய்ப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் முட்டி நின்றது. பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்களை வாழ்த்திச் செருகியிருந்த கறுப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புல்லில் உதிர்ந்தன. பலகையில் பாதி வாழ்த்துதான் மிச்சம்.

கீழே இறங்கி ஓடியவருக்குப் பையனின் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு அதிர்ச்சி. இவனேதான். ஜாகோரி பெட்வே. தன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பிடித்துக்கொண்டு போகலாமா என்று பார்க்க அவர் வந்திருப்பது இவனைத்தான். இந்த மே மாதத்தில் கல்லூரிக்காரர்கள் பள்ளிக்கு வரலாம், பயிற்சியைப் பார்க்கலாம், பயிற்சியாளரோடு மணிக்கணக்கில் பேசலாம். பையனோடு மட்டும் பேசக் கூடாது. எதிர்ப்பட்டுவிட்டால் ஒரு முகமன், அதோடு நகர்ந்துவிட வேண்டும். அதுதான் விதி. வெண்டல் தன் வாழ்க்கையில் பலவற்றை உடைத்தவர், ஒரு திருமணம் உட்பட. ஆனால் அந்த விதியை இதுவரை உடைத்ததில்லை. ஆகவே, தான் இடித்துத் தள்ளிய பையனுக்கு முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, "குட் மார்னிங்" என்றார்.

"குட் மார்னிங், கோச்" என்றான் பையன். எழுந்து ஜீன்ஸைத் தட்டிக்கொண்டான். "சாரி சார். நான்தான் கவனிக்கல."

இடித்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொஞ்சம்கூட நொண்டாமல் படியேறி உள்ளே போனான். என்ன இடுப்பு, என்ன நடை என்று வெண்டலின் தொழில்புத்தி அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. பிறகுதான் வேறொன்று உறைத்தது. பையனின் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தது, சரி. ஆனால் குளிர்சாதனப் பெட்டி நிறத்தில், ஏறக்குறைய அதே அழகில் இருந்த அவருடைய வண்டி, பட்டப்பகலில் அவனுடைய இடது பக்கமாகத்தானே ஊர்ந்து வந்தது? ஓக் மரத்தடியில் படுத்திருந்த நாய்கூட எழுந்து நகர்ந்துகொண்டது. மாவட்டத்திலேயே சுறுசுறுப்பான பையன் என்று பெயரெடுத்தவன் நகரவில்லை.

உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னறையில் தைல வாடைக்கு நடுவே பயிற்சியாளர் டில்மன் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் கல்லூரியில் ஒரே அணியில் ஆடியவர்கள். அதாவது டில்மன் ஆடினார், வெண்டல் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினார்.

"என்னடா, வந்ததும் வராததுமா என் பையனை இடிச்சியாமே? மத்த காலேஜ்காரன்லாம் ஃபோன் போடுவான், தொப்பி அனுப்புவான். நீ வண்டியையே மேல விடுற."

"தாங்குறானான்னு பார்த்தேன்."

"உன்னைத் தவிர எல்லாத்தையும் தாங்குவான்."

சிரித்தார்கள். வெண்டல் ஒரு கை கடலையை அள்ளிக்கொண்டு, பேச்சோடு பேச்சாக, "கண்ணெல்லாம் எப்படி இருக்கு அவனுக்கு?" என்றார்.

டில்மனின் விரல்கள் ஒரு கடலையில் நின்றன. நின்றதை மறைக்க அதை ரொம்ப கவனமாக உரித்தார். "பருந்துடா. நான் அனுப்பின வீடியோ பார்த்தல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பது வெண்டலுக்கும் நியாயமாகவே பட்டது. அவருடைய கண்ணை நம்பி யாரும் எதையும் முடிவு செய்ததில்லை, அவர் உட்பட. கணுக்கால் ஒல்லி என்று அவர் ஒதுக்கிய ஒருவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தொழில்முறை அணிக்காகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கிறான். இவன் ஒரு மலை என்று அவர் எழுதித் தந்தவன், முதல் வாரத்திலேயே அம்மா ஞாபகம் வந்து பஸ் ஏறிவிட்டான். அவருடைய கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமைப் பயிற்சியாளர் வெண்டலின் முழங்கால் வலியைவிட வயதில் சிறியவர். போன வாரம் தோளில் கைபோட்டு, "வேகமா ஓடி பந்து பிடிக்கிறவன் ஒருத்தன் வேணும் வெண்டல். கொண்டுவாங்க. உங்க மேஜை அங்கேயேதான் இருக்கும்" என்றார். கொண்டுவராவிட்டால் மேஜை எங்கே இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. வெண்டலும் கேட்கவில்லை.

ஒரு பையனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் பயிற்சியாளரிடம் பாதியைக் கேள், மீதியைச் சாப்பாட்டுக் கூடத்தில் கேள் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. வெண்டலுக்கு அதில் கூடுதலாக ஒரு சௌகரியமும் உண்டு, பசிக்கும். தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். பரிமாறிக்கொண்டிருந்தவர் மிஸ் எர்லீன், வலையில் முடியை அடக்கிய பெரிய உருவம்.

"பெட்வே பையன் எப்படிங்க?"

"அவனா? தங்கம். தின்ன தட்டைத் தானே எடுத்து வைப்பான். மேடம் போடாம ஒரு வார்த்தை பேசமாட்டான். நீங்கதான் அவனை இடிச்சவரா?"

"லேசாத்தான்."

"லேசா ஒரு கரண்டிதான் வைக்கப் போறேன் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் இரண்டு வைத்தார்.

வெண்டல் திரும்பிப் பார்த்தார். ஜாகோரி கடைசி மேசையின் மூலையில், இடது தோள் சுவரில் உரசும்படி உட்கார்ந்திருந்தான். நண்பர்கள் எல்லாரும் வலது பக்கம்.

"எப்பவும் அந்த மூலைதானா?"

மிஸ் எர்லீன் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினார். "பசங்க எங்க வேணா உக்காருவாங்க. உங்களுக்கு மக்கரோனி வேணுமா, வேணாமா?" வெண்டலுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தினார். "அவன் அம்மாவும் நானும் கோழி ஆலையில பக்கத்துல பக்கத்துல நின்னு அறுத்தவங்க. நான் தப்பிச்சு இங்க வந்துட்டேன். அவ இன்னும் அங்கதான். காலையில கையை விரிக்கணும்னா சுடுதண்ணியில வைக்கணும் அவளுக்கு. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் முடிஞ்சா இவனும் அந்தக் கேட்டுக்குள்ளதான் போவான். வேற எந்தக் காலேஜும் வரல, தெரியும்ல? கூட்டிட்டுப் போங்க கோச். வேற ஒண்ணும் கேக்காதீங்க."

வேற ஒண்ணும் கேக்காதீங்க என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. வெண்டல் மக்கரோனியைச் சாப்பிட்டார். அது நன்றாக இருந்தது. அதுவே அவருக்கு வருத்தமாகவும் இருந்தது.

மதியம் பயிற்சி. வெயிலில் புல்லே மூச்சு விடுவதுபோல் ஆவி எழுந்தது. வெண்டல் மைதானத்தின் ஓரத்தில், கழுத்தில் ஈரத் துண்டோடு நின்றார். பையன் ஓடுவதைப் பார்த்ததும் எல்லாச் சந்தேகமும் கொஞ்ச நேரம் ஓடிப்போனது. அப்படி ஓர் ஓட்டம். தரையைத் தொடுவதற்குத் தரையிடம் அனுமதி கேட்பதுபோல. இடது ஓரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டியே நேராகப் போய், கடைசி நொடியில் தலையை மட்டும் வலது பக்கம் திருப்பி, வானத்திலிருந்து விழும் பந்தை எடுத்துக்கொண்டான். பிடிப்பது என்று சொல்ல முடியாது. தனக்கு வந்த தபாலை வாங்கிக்கொள்வதுபோல் வாங்கிக்கொண்டான்.

மறுபடியும் ஓடினான். மறுபடியும் இடது ஓரம். அடுத்த முறையும் இடது ஓரம். மற்ற பையன்கள் பக்கம் மாறி மாறி நின்றார்கள். இவன் மாறவில்லை. வெண்டல் மனசுக்குள் அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்தார். எத்தனையோ இரவு, ஒரு கையில் சாண்ட்விச்சோடு பார்த்து மெச்சிக்கொண்ட வீடியோ. அதில் இருந்த ஒவ்வொரு பந்தும் இடது கோட்டோரம் பிடித்தது. ஒவ்வொன்றும் வலது பக்கத்திலிருந்து வந்தது. இதைப் பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அதைப் பார்ப்பதற்கு அவர் ஒரு காரை விட்டு இடிக்க வேண்டியிருந்தது.

டில்மனிடம் போனார். "ஒரே ஒரு தடவை அவனை வலது பக்கம் நிறுத்தேன்."

"வெயில் ஜாஸ்தி."

"ஒரு தடவைடா."

டில்மன் விசிலை ஊதினார். பயிற்சி முடிந்தது என்று கையை வீசினார். சூரியன் இன்னும் பைன் மரங்களுக்கு வெகு மேலே இருந்தது. பையன்களே நம்பாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ பார்த்ததை எழுதுடா" என்றார் டில்மன், மைதானத்தைப் பார்த்தபடி.

"நான் என்ன பார்த்தேன்? நீ சொல்லு."

"ஓடுறதைப் பார்த்தே. பிடிக்கிறதைப் பார்த்தே."

"நம்ம ரெண்டு பேருக்கும் எவ்வளவு வருஷப் பழக்கம்?"

"அதனாலதான் ஒண்ணும் சொல்லல" என்றார் டில்மன். தடம் குறிக்க வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

வெண்டல் காருக்கு நடந்தார். நடை நீண்டுகொண்டே போனது. சொன்னால், இன்று மாலையே அவன் பெயரை அழித்துவிடுவார்கள். அவனை ஏறிட்டுப் பார்த்த ஒரே கல்லூரி அவருடையது, அதுவும் சின்னக் கல்லூரி. பிறகு அந்த ஆலையின் கேட், ரப்பர் பூட்ஸ், சுடுதண்ணீர். சொல்லாவிட்டால் வருவான். வந்தால் அங்கே டில்மன் இருக்க மாட்டார். வெண்டலின் முழங்கால் வலியைவிட இளையவர்தான் இருப்பார். அவர் பையன்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்துகிறவர். ஒரு நாள் இவனை வலது ஓரத்தில் நிறுத்துவார். இவனைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள ஒருவன் இவனுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து முழு வேகத்தில் வருவான். ஹெல்மெட்டின் சத்தம் எப்படி இருக்கும் என்று வெண்டலுக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு மைதானம் முழுக்க விழும் அமைதியும் தெரியும். ஒரு கழுத்து. அல்லது, மிச்சமிருக்கும் இன்னொரு கண்.

எல்லாமே தன் கற்பனையாக இருந்துவிட்டால் என்ன என்றும் ஒரு ஆசை வந்தது. ஆயுள் முழுக்கத் தப்பாகவே பார்த்தவன் இன்றைக்கும் தப்பாகப் பார்த்திருக்கக் கூடாதா?

பள்ளி வாசலில், அறிவிப்புப் பலகைக்கு முன்னால் ஜாகோரி நின்றிருந்தான். குளித்த ஈரம் காயவில்லை. யாரும் சொல்லாமலே, வெண்டல் உதிர்த்த எழுத்துகளைப் புல்லிலிருந்து பொறுக்கி, பலகையில் செருகிக்கொண்டிருந்தான். வாழ்த்து ஏறக்குறைய முழுசாகிவிட்டது. நடுவில் ஓர் எழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. அவன் குனிந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாகத் திருப்பித் திருப்பி, புல்லில் அதைத் தேடினான்.

அது வெண்டலின் டயருக்கு அடியில் கிடந்தது. அவர் எடுத்துக்கொண்டார். புல்லில் நடந்து போனார். அவனுடைய இடது பக்கத்தில், தொட்டுவிடும் தூரத்தில் போய் நின்று, எழுத்தை அவன் முகத்துக்கு அருகே நீட்டினார்.

இது ஒரு சோதனை என்பது நீட்டிய பிறகுதான் அவருக்கே புரிந்தது. ஒரு திருடனைப்போல் உணர்ந்தார். திரும்பிப் பாருடா, என்று வேண்டிக்கொண்டார். தேவாலயத்துக்குப் போகாமல்விட்டு ரொம்ப நாளாகிறது என்பதால் யாரிடம் வேண்டுவது என்று தெரியவில்லை, பையனிடமே வேண்டினார். கொஞ்சம் திரும்பு. யாரோ ஒரு கிழவன் இங்கே நிற்கிறான் என்று பாரு.

"எங்கதான் போச்சு" என்று பையன் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டான்.

"ஜாகோரி" என்றார் வெண்டல். விதி உடைந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பையன் திடுக்கிட்டு, உடம்பு முழுவதையும் சுழற்றித் திரும்பினான். எழுத்தைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். எவ்வளவு நேரமாக அது அங்கே இருந்தது என்று கணக்குப் போடுவது அவன் முகத்தில் தெரிந்தது.

"இந்தப் பக்கம் உனக்கு என்னப்பா தெரியுது?"

பையன் மைதானத்தின் பக்கம் பார்த்தான். தூரத்தில் டில்மன் கூம்புகளை அடுக்கி முடித்து, அவற்றை அணைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் தெரியாது, சார்" என்றான் ஜாகோரி. குரல் சாதாரணமாக இருந்தது, யாரோ வழி கேட்டதற்குச் சொல்வதுபோல. "பத்தாவதுல ஆடும்போது கண்ணுல ஒரு முழங்கை பட்டுச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. கண் டெஸ்ட்ல வர்ற எழுத்தெல்லாம் மனப்பாடம். அம்மாவுக்குத் தெரியாது. கோச்சுக்குத் தெரியும்."

"அப்புறம் எப்படி அவ்வளவு வேகமா ஓடுற?"

"இடது பக்கம் கோடு இருக்கு, சார். கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லைன்னு கோச் சொல்லியிருக்காரு. அதை நம்பி ஓடுறேன்."

அவர் கையிலிருந்து எழுத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டு, பலகையின் பக்கம் திரும்பி, காலி இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். வெண்டல் நின்ற இடத்திலேயே நின்றார், வெறுங்கையை நீட்டியபடி, கோட்டுக்கு அந்தப் பக்கத்தில்.