பேர் எழுதாத கேசட்

என்னிடம் மொத்தம் அறுபத்து மூன்று கேசட்டுகள் இருந்தன. இது தொண்ணூற்றொன்றாம் வருடத்துக் கதை. அறுபத்து மூன்றையும் மூன்று பனியன் பெட்டிகளில் பிரித்து வைத்து, பெட்டி மூடிகளின் உள்பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட்’, ‘செகண்ட்ஸ்’, ‘ரிஜெக்ட்’ என்று எழுதியிருந்தேன். பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிற மனுஷன் வேறு எப்படிப் பிரிப்பான்? பனியனில் குறையே இல்லையென்றால் ஃபர்ஸ்ட். எங்கேயாவது ஊசி விட்டுப்போய்க் கோடு விழுந்திருந்தால் செகண்ட்ஸ். ஓட்டையென்றால் ரிஜெக்ட். பாடுகிறவர்களுக்கும் அதே சட்டம்தான் என்று வைத்திருந்தேன்.

அருள்புரத்தில் எங்கள் கம்பெனி. பேக்கிங் மேஜையின் ஓரத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கும். அது முதலாளி ரத்தினசாமியுடையது. கேசட்டுகள் என்னுடையவை. ஆகவே காலையிலிருந்து சாயங்காலம் வரை யார் பாட வேண்டும், யார் வாயை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் என் இஷ்டம். பிடிக்காதவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும். பனியன் கம்பெனியில் பஞ்சுக்கா பஞ்சம்?

பி.பி.ஸ்ரீனிவாஸ் ஃபர்ஸ்ட். அதில் பேச்சுக்கே இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடம் மட்டும் சொல்வதுபோல அந்த மனுஷர் பாடுவார். ஜானகியம்மா ஃபர்ஸ்ட். நாகூர் ஹனிபாவும் ஃபர்ஸ்ட். அவரை அங்கிருந்து இறக்கினால் என் மனைவி சைதுன்னிசா என்னை வீட்டிலிருந்து இறக்கிவிடுவாள். டி.எம்.எஸ்.ஸைச் செகண்ட்ஸில் வைத்திருந்தேன். அதுதான் எங்கள் கட்டிங் மாஸ்டர் சுப்பண்ணனுக்கு வயிற்றெரிச்சல்.

"ஏனுங்க பாய், டி.எம்.எஸ்.ஸுக்கு எந்த எடத்துலீங்க ஊசி விட்டிருக்குது? காட்டுங்க பாக்கலாம்" என்பார், கத்தரிக்கோலை நீட்டிக்கொண்டு.

"கொறையெல்லாம் இல்லீங்க மாஸ்டர். சைஸு பெருசுங்க. எண்பது சைஸு ஆளுக்கு நூறு சைஸு பனியன் போட்டாப்புல குரல் தொங்குது."

"ஒங்க சீனிவாஸு பாடறது எம்பட காதுக்கே எட்டறதில்லீங்க. ஊட்டுல ஆரோ தூங்கறாங்க, எழுப்பிப் போடக்கூடாதுன்னு பாடறாப்புல இருக்குது."

இதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? அன்று முழுக்க ஸ்ரீனிவாஸையே போட்டுத் தாளித்துவிடுவேன்.

செக்கிங் மேஜையில் ஒச்சாயி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், வாய் நீளம். ஒருநாள் கேட்டாள்: "ராசாவ எந்தப் பொட்டியிலண்ணே வச்சிருக்கீக?"

"மூணுலயும்" என்றேன். "பாட்டுக்குப் பாட்டு பார்த்துப் பிரிச்சிருக்கேன்."

"ராசாவப் போயி ரிஜெக்ட்ல வச்ச மனுசன் ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதேன். எங்க ஊருப் பக்கம் மட்டும் வந்துறாதீக" என்றாள். மேஜை மொத்தமும் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் வராது?

இத்தனை அதிகாரமாகப் பேசினேனே, எனக்குள் ஒரு திருட்டு இருந்தது. ஃபர்ஸ்ட் பெட்டியின் அடியில், ஸ்ரீனிவாஸுக்கும் ஹனிபாவுக்கும் நடுவில், பேர் எழுதாத கேசட் ஒன்று கிடந்தது. அதில் பாடியிருந்தவர் பாரூக். அதாவது நான்.

பல்லடத்தில் கேசட் பதிந்து கொடுக்கிற கடைக்காரர் எனக்குப் பழக்கம். பின்னால் இருந்த அறையில் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, சத்தம் பதியும் என்று ஃபேனையும் நிறுத்தி, மைக்கை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சித்திரை மாதம் அது. வியர்வை ஒழுக ஒழுக ஸ்ரீனிவாஸ் பாட்டு ஆறு பாடினேன். சைதுன்னிசாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி டேப் ரெக்கார்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நானே கேட்டு, நானே தலையாட்டி, நானே ஃபர்ஸ்ட் என்று முடிவு செய்து வைத்துவிட்டேன். அது யார் காதிலாவது விழுந்தால் என் கதை கந்தல். ஊர்ப்பட்ட பாடகர்களுக்கெல்லாம் குறை சொன்னவன் பாடின லட்சணத்தைப் பார் என்று அந்த மேஜையே சிரிக்கும்.

அந்த வருடத் தீபாவளி அவசரத்தில்தான் அது நடந்தது. பத்துப் பனியன் ஒரு பெட்டி. பெட்டியைக் கையில் தூக்கினாலே ஒரு பீஸ் குறைந்தாலும் சொல்லிவிடுவேன் என்று கம்பெனி முழுக்கப் பீற்றிக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நான், டேப் ரெக்கார்டர் பக்கத்தில் இருந்த என் ஃபர்ஸ்ட் பெட்டியையும் சேர்த்துத் தூக்கி அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி, கயிறு கட்டி, உடுமலைக்கு அந்தப் பக்கம் கொமரலிங்கம் ஊரிலிருந்த ஜவுளிக்கடைக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த மூன்று நாளும், ராசா பாட்டு கேட்ட ஒச்சாயியின் தொல்லை தாங்காமல் செகண்ட்ஸ் பெட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஃபர்ஸ்ட் பெட்டியைத் தேடவும் இல்லை.

நான்காம் நாள் முதலாளி கூப்பிட்டார். அவர் கையில் போன் இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஏனுங்க பாய், நாம எப்பங்க கேசட்டு காம்ப்ளிமென்ட் குடுத்தோம்? கொமரலிங்கத்து திருமூர்த்தி பேசறாரு. தீவாளிக்கு எல்லாக் கம்பெனியும் காலண்டரும் பையும் குடுக்கறாங்க, நீங்க ஒரு பொட்டி கேசட்டே குடுத்துட்டீங்களேன்னு ஒரே சந்தோசமுங்க. மூடியில ஃபர்ஸ்ட்டுன்னு போட்டிருக்குதாம், ஃபர்ஸ்ட் பிரைஸுன்னு நெனச்சுட்டாரு. பனியன் மட்டும் பத்துக் கொறையுதாம்."

டேப் ரெக்கார்டர் பக்கம் திரும்பிப் பார்த்தேன், ஃபர்ஸ்ட் பெட்டியைக் காணோம்.

"கையிலயே தராசு வெச்சிருக்கறீங்களே பாய், கேசட்டு வெயிட்டும் பனியன் வெயிட்டும் ஒண்ணுங்களா?" என்றார் முதலாளி. ஒரு பெட்டி பனியனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

ஸ்டாப்பில் எனக்கு முன்னால் சுப்பண்ணன் நிற்கிறார்!

"நானும் வாரனுங்க. மொதலாளி பேசுனதக் கேட்டனுங்க. கொமரலிங்கத்துல எங்க கொழுந்தியா ஊடு. பலகாரம் குடுக்கோணும்" என்றார், கையில் தொங்கின பலகாரத் தூக்குப்போசியைக் காட்டி. உலகத்தில் இத்தனை நாள் இருக்க, இந்த மனுஷனுக்குக் கொழுந்தியாள் ஞாபகம் அன்றைக்குத்தானா வர வேண்டும்?

பல்லடத்தில் பஸ் மாறி, உடுமலையில் மாறி, வழி முழுக்க ஒரே பாட்டுப் பேச்சு. "ஒங்க ஃபர்ஸ்ட் பெட்டி போயிட்டதால டி.எம்.எஸ்.ஸு இப்ப ப்ரமோசன் ஆயிட்டாருங்களா பாய்?" என்கிறார். எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அந்தக் கேசட்டைத் திருமூர்த்தி போட்டுக் கேட்டிருக்கக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டே போனேன்.

கொமரலிங்கத்தில் இறங்கிக் கடைவீதி முனையில் திரும்பினோம். ஜவுளிக்கடை வாசலில் தீபாவளிக்குக் கட்டின குழாய் ஸ்பீக்கர். அதில், வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி, நான் பாடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதே சமயம், பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. சுப்பண்ணன் நின்றுவிட்டார். துணியை வெளிச்சத்தில் பிடித்துக் குறை தேடுவாரே, அதே மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதாருங்க பாய்? சீனிவாஸு பாட்டுத்தான். ஆனா சீனிவாஸு இல்லீங்களே?"

"தெரியலீங்க. ஆரோ."

"கொரலு நல்ல கொரலுத்தானுங்க. ஆனா மூச்சு பத்தல. அதோ பாருங்க, மேல போகையில ஊசி விட்டுப்போச்சு. அடுத்த வரியிலயும் அதே எடத்துல விடுது. பழகாத ஆளுங்க. இந்தாளுக்கு எவன் மைக்கைக் குடுத்தான்?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் இருபதடி நடந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இந்த ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. என் வாய் கேட்டால்தானே!

"அந்த ரூமுல ஃபேன் ஓடலீங்க மாஸ்டர்! கதவு ஜன்னலெல்லாம் சாத்திப்போட்டு, சித்திர வெயில்ல, தொடர்ந்தாப்புல ஆறு பாட்டு நீங்க பாடிப் பாருங்க, அப்பத் தெரியும் மூச்சு பத்துதா பத்தலையான்னு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சுப்பண்ணன் என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பாட்டு முடிகிறவரை நின்று கேட்டார்.

கடைக்குள் திருமூர்த்தி பெரிய வரவேற்பு கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் பாவம், முகம் சுண்டிப்போய்விட்டது. "கேசட்டெல்லாம் எடுத்துக்கங்க, அதுக்கென்னங்க. இந்தப் பேரில்லாத கேசட்ட மட்டும் தீவாளி முடியற வரைக்கும் குடுத்துட்டுப் போறீங்களா? ரெண்டு நாளா இதத்தானுங்க போடறேன்."

எனக்குக் காது குளிர்ந்தது. "அவ்வளவு நல்லாவா இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"அதில்லீங்க. மத்ததப் போட்டா சனம் வாசல்லயே நின்னு பாட்டக் கேட்டுட்டுப் போயிருதுங்க. இதப் போட்டா பேசாம உள்ள வந்து துணி எடுக்கறாங்க."

சுப்பண்ணன் சட்டென்று திரும்பி, தொங்கவிட்டிருந்த துண்டுகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரியாமலா இருக்கும்? பனியன் பெட்டியைக் கொடுத்து, கேசட் பெட்டியை வாங்கி, அந்தக் கேசட்டையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கொழுந்தியாள் வீட்டில் அவர் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வருகிறவரை பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

திரும்புகிற பஸ்ஸில் உடுமலை தாண்டினோம். பிறகு நானே கேட்டேன், அவர் முகத்தைப் பார்க்காமல்: "எந்தப் பெட்டிங்க மாஸ்டர்?"

"கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"சொல்லுங்க."

"செகண்ட்ஸுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ரிஜெக்ட் என்று சொல்லவில்லை என்பதில் ஓர் ஆறுதலும் இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை. சுப்பண்ணன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த பனியனை இழுத்துக் காட்டினார். தோளிலிருந்து நெஞ்சுவரை ஊசி விட்ட கோடு.

"பன்னெண்டு வருசமா இந்தக் கம்பெனியில இருக்கறேன். ஃபர்ஸ்ட் பீஸு ஒண்ணாச்சும் நம்ம ஒடம்புல ஏறியிருக்குதுங்களா பாய்? அதெல்லாம் ஊருக்குப் போயிருது. நாம போட்டுட்டுத் திரியறது பூராவும் செகண்ட்ஸுதான். ஒடம்புக்கு நல்லாத்தானுங்க இருக்குது."

நான் போட்டிருந்ததும் செகண்ட்ஸ்தான். இடுப்புப் பக்கம் தையல் கோணலாக இருக்கும், சட்டைக்குள் யாருக்குத் தெரியப் போகிறது? பல்லடம் வருகிறவரை அந்தக் கோணலை விரலால் தடவிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் பேர் எழுதாத கேசட்டை எடுத்து, செகண்ட்ஸ் பெட்டியில் டி.எம்.எஸ். பக்கத்தில் வைத்தேன். வைத்தவன், கொஞ்ச நேரம் யோசித்து, திரும்பவும் எடுத்து டேப் ரெக்கார்டரில் போட்டேன். பாட்டு ஆரம்பித்தது.

சுப்பண்ணன் தலையை நிமிர்த்தவில்லை, துணியை வெட்டிக்கொண்டே இருந்தார். ஒச்சாயிதான் கையில் பனியனை வைத்துக்கொண்டு கேட்டாள்: "யாருண்ணே இது? நல்லாத்தான் பாடுறாரு. ஆனா எதுக்கு இப்பிடிப் பயந்து பயந்து பாடுறாரு?"

"நான்தான்" என்றேன்.

மேஜை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. எத்தனை வருடம் எத்தனை பேரைக் குறை சொன்னேன், எல்லாம் சேர்ந்து இப்போது வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒச்சாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பயப்படாமப் பாடியிருக்க வேண்டியதுதான? நாங்க என்ன கடிச்சா திங்கப் போறோம்? சரி, அந்தப் பக்கம் என்ன இருக்கு, திருப்பிப் போடுங்க."

"அந்தப் பக்கம் காலிங்க" என்றேன்.

அப்போதுதான் சுப்பண்ணன் கத்தரியைக் கீழே வைத்தார். "அப்படீன்னா அது எனக்குங்க. தீவாளி லீவுல பல்லடம் போலாம் பாய். டி.எம்.எஸ்.ஸு பாட்டு ஆறு நான் பாடறேன்" என்றார். "ஃபேன் ஓடற ரூமாப் பாருங்க."